யூரோவிஷன் மேடையில் எது வரலாறு, எது அரசியல்?

செங்காந்தள், சென்னை
2025 டிசம்பர் 5, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். யூரோவிஷன் என்ற பன்னாட்டுப் பாடல் போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பொதுக்குழு நேற்று ஜெனீவாவில் கூடியது. காஸா போரால் எதிர்ப்பு எழுந்திருக்கும் நிலையில், அடுத்த ஆண்டு வியன்னாவில் இஸ்ரேல் பாடலாமா என்று தனியாக வாக்கெடுக்கத் தேவையில்லை, வாக்களிப்பு விதிகளைத் திருத்தினால் போதும் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள். உடனே ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா ஆகிய நான்கும் விலகிவிட்டன. அயர்லாந்து ஏழு முறை வென்ற நாடு. ஸ்பெயின் 1961 முதல் ஓராண்டும் தவறாமல் பாடிவந்த நாடு.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் போட்டியைப் பார்த்துவருகிறேன். 2023 முதல் பங்கேற்காத நாடுகளில் இருப்பவர்களும் இணையம் வழியே வாக்களிக்கலாம், எல்லோரும் சேர்ந்து ஒரு நாடாகக் கணக்கு என்று வந்த பிறகு நானும் வாக்களிக்கிறேன். ஆகவே இது எனக்குத் தொலைவிலிருந்து பார்க்கும் செய்தியாக இல்லை.

பாடல் வரிகளில் அரசியல் கூடாது என்பது விதி. மூன்று பாடல்களை அந்த விதியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

2009, மாஸ்கோ. முந்தைய ஆகஸ்டில்தான் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டிருந்தன. ஜார்ஜியா அனுப்பிய பாடலின் தலைப்பு ‘வீ டோன்ட் வான்னா புட் இன்’. கடைசி இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் யாருடைய பெயர் வருகிறது என்று குழந்தைக்கும் தெரியும். வரிகளை மாற்றுங்கள், இல்லையேல் வேறு பாடல் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஜார்ஜியா மறுத்து, போட்டிக்கே வரவில்லை.

2016, ஸ்டாக்ஹோம். உக்ரைனின் ஜமாலா ‘1944’ என்ற பாடலைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் ஸ்டாலின் ஆட்சி கிரிமியத் தாத்தார் மக்களை ஒட்டுமொத்தமாகச் சரக்கு ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்குத் துரத்தியது. அவருடைய கொள்ளுப்பாட்டியும் அப்படித் துரத்தப்பட்டவர். ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. ரஷ்யத் தரப்பு எதிர்த்தும், இது வரலாறு என்று ஏற்றுக்கொண்டார்கள். பாடல் வென்றது.

2024, மால்மோ. இஸ்ரேல் கொண்டுவந்த ‘அக்டோபர் ரெயின்’ முந்தைய ஆண்டு அக்டோபர் 7 தாக்குதலைச் சுட்டுகிறது என்று நிராகரித்தார்கள். சொற்களை மாற்றி, ‘ஹரிக்கேன்’ என்று பெயரை மாற்றிய பிறகு அதே மெட்டு மேடையேறியது.

எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆறிய துயரத்தைப் பாடலாம், ஏழு மாதத் துயரத்தைப் பாடக்கூடாது என்பதுதான் அளவுகோலா? அல்லது வேறு ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடதுருவன், ஆஸ்லோ
2025 டிசம்பர் 5, இரவு 11.48

செங்காந்தள், நல்ல கேள்வி. ஆனால் பதிலைப் பாடல் வரிகளில் தேடினால் கிடைக்காது. போட்டியிடுபவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேடையில் கொடி நாட்டுக்கொடி. நாம் சொல்வதும் ‘ஸ்வீடன் வென்றது’, ‘இத்தாலி தோற்றது’ என்றுதான். காகிதத்தில் பார்த்தால் போட்டியிடுவது நாடு கிடையாது, அந்த நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம். 1950ல் தொடங்கிய இந்த ஒன்றியம் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களின் சங்கம். நேரடி ஒளிபரப்பைப் பல நாடுகளுக்கு ஒரே நேரத்தில் கொண்டுபோக முடியுமா என்று சோதிக்கும் ஆர்வமும் சேர்ந்துதான் 1956ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளுடன் முதல் போட்டி நடந்தது. பாடகரை அனுப்புவது, செலவைச் சுமப்பது, அபராதம் கட்டுவது, விலகுவது எல்லாம் அந்த நிறுவனங்கள்தான்.

இதை மனத்தில் வைத்து 2022 பிப்ரவரியைப் பாருங்கள். 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அன்று ஒன்றியம் சொன்னது என்ன? இது அரசியல் சார்பற்ற பண்பாட்டு நிகழ்வு, இரு நாடுகளும் பங்கேற்கலாம் என்று சொன்னது. உக்ரைன் நிறுவனம் கடிதம் எழுதியது. பின்லாந்து, எஸ்டோனியா நிறுவனங்கள், ரஷ்யா வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றன. இங்கே நார்வேயிலும் பக்கத்து நாடுகளிலும் இருந்த நிறுவனங்களும் விலக்கக் கோரின. 25ஆம் தேதி ரஷ்யா விலக்கப்பட்டது. அந்த ஒரே இரவில் விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ரஷ்யா இருந்தால் எத்தனை பேர் வெளியேறுவார்கள் என்ற கணக்கு மாறியது.

இஸ்ரேல் விஷயத்தில் அந்தக் கணக்கு வேறு மாதிரி விழுகிறது. நான்கு நிறுவனங்கள் வெளியேறின. மறுபக்கம், இஸ்ரேலை விலக்கினால் ஜெர்மனி விலக வேண்டும் என்று ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான சான்சலர் மெர்ஸ் அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். ஜெர்மனி இந்தப் போட்டிக்கு அதிகமாகப் பணம் கட்டும் ஐவரில் ஒன்று. ஸ்பெயினும் அந்த ஐவரில் ஒன்றுதான், ஆனாலும் அது தனியாக நின்றது; பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி அதன் பின்னால் வரவில்லை.

இன்னொரு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் ‘கான்’ ஒலிபரப்பு நிறுவனம் அந்நாட்டு அரசின் ஊதுகுழல் இல்லை. அரசோடு அதற்கு நீண்டநாள் பிணக்கு இருக்கிறது. ரஷ்ய நிறுவனங்களோ முழுக்க அரசின் பிடியில் இருந்தவை. ஒன்றியம் இந்த வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. அது பொய்யில்லை. ஆனால் ரஷ்ய நிறுவனங்கள் 2014லும் 2016லும் அரசின் பிடியில்தான் இருந்தன. அப்போது யாரும் வெளியேறுவதாகச் சொல்லவில்லை, ஆகவே அது ஒரு காரணமாகவும் இருக்கவில்லை.

---

பொருநை, திருநெல்வேலி
2025 டிசம்பர் 6, காலை 6.55

இருவர் எழுதியதையும் படித்தேன். நான் ஓய்வுபெற்ற இசையாசிரியன். என் பேத்தி வழியாக இந்தப் போட்டி எனக்கு அறிமுகமானது. எனக்கு உறுத்துவது வேறொன்று.

2014ல் கோபன்ஹேகனில் ரஷ்யாவுக்காகப் பாடிய இரட்டைச் சகோதரிகளுக்கு வயது பதினேழு. கிரிமியாவுக்காகவும் ஒருபாலினத்தவருக்கு எதிரான சட்டத்துக்காகவும் அரங்கம் அவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டது. 2017ல் ரஷ்யா தேர்ந்தெடுத்த யூலியா சமோய்லோவா சக்கர நாற்காலியில் வாழும் பாடகி. கிரிமியாவில் முன்பு ஒருமுறை பாடியதற்காக, அந்த ஆண்டு போட்டியை நடத்திய உக்ரைன் அவரை நாட்டுக்குள் விடவில்லை. 2024ல் மால்மோவில் பாடிய இஸ்ரேலியப் பெண்ணுக்கு வயது இருபது. அவர் பாடப் பாடவே கூச்சல்.

போரைத் தொடங்கியவர்கள் எவரும் அந்த மேடையில் நிற்கவில்லை. நின்றவர்கள் பிள்ளைகள். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குரல் நடுங்கும் வயதில் ஆயிரக்கணக்கானோர் எதிரே நின்று தாங்குவது எவருக்கும் கூடாத தண்டனை. விதி அரைகுறையாக இருக்கலாம். அதற்காக விதியே வேண்டாம் என்றால் இன்னும் பல பிள்ளைகள் இப்படி நிற்பார்கள். அரசியலை வெளியே நிறுத்த முயல்வதில் தவறு என்ன?

---

செங்காந்தள், சென்னை
2025 டிசம்பர் 6, மதியம் 1.10

// அரசியலை வெளியே நிறுத்த முயல்வதில் தவறு என்ன? //

பொருநை ஐயா, பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியது மனத்தை அறுத்தது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. கூச்சலிடுபவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் ‘வெளியே நிறுத்துவது’ என்றால் முன்பு அது வெளியே இருந்திருக்க வேண்டும். 1964லேயே கோபன்ஹேகனில் ஒருவர் மேடையேறி, ஸ்பெயின், போர்ச்சுகல் சர்வாதிகாரிகளான பிராங்கோவையும் சலாசாரையும் புறக்கணியுங்கள் என்று எழுதிய பதாகையைப் பிடித்தார். 1968ல் ஸ்பெயினுக்காகப் பாட இருந்தவர் ஜுவான் மனுவேல் செர்ராத். கத்தலான் மொழியில் பாட விரும்பினார். பிராங்கோ ஆட்சி விடவில்லை. அவரை நீக்கிவிட்டு மாசியேல் என்பவரை ஸ்பானிய மொழியில் பாட வைத்தார்கள். அவர் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்றார். தாய்மொழியில் பாட விரும்பிய ஒருவரை நீக்கியது அரசியல் இல்லாமல் வேறென்ன? ஆனால் மேடையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது ‘லா லா லா’ என்ற இனிமையான பாட்டு மட்டுமே.

எனக்கு மிகப் பிடித்தது 1974. பிரைட்டன் நகரில் ஸ்வீடனின் ஆபா குழு வென்ற இரவு என்றுதான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இரவில் போர்ச்சுகலின் பாவ்லோ டி கார்வால்யோ ஒரு காதல் பிரிவுப் பாடலைப் பாடி, மூன்றே புள்ளிகளோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ‘விடைபெற்ற பிறகு’ என்று பொருள்படும் தலைப்பு. அதில் அரசியல் ஒரு துளியும் இல்லை. இரண்டரை வாரம் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55க்கு, லிஸ்பன் வானொலி ஒன்றில் அந்தப் பாடல் ஒலித்தது. படைமுகாம்களில் வானொலியருகே காத்திருந்த இளம் அதிகாரிகளுக்கு அதுதான் தயாராகுங்கள் என்ற அடையாளம். நள்ளிரவுக்குப் பின் தடைசெய்யப்பட்டிருந்த பாடகர் ஒருவரின் பாடல் இரண்டாவது அடையாளமாக ஒலித்தது. மறுநாள் மாலைக்குள் மேற்கு ஐரோப்பாவின் மிக நீண்ட சர்வாதிகாரம் விழுந்தது. முதல் அடையாளத்துக்கு அந்தக் காதல் பாடலை எடுத்ததன் காரணமே, அது எவருக்கும் ஐயம் தராது என்பதுதான்.

அதே 1974ல் இத்தாலியின் பாடல் ‘ஸீ’, அதாவது ‘ஆம்’. அதுவும் காதல் பாட்டு. ஆனால் இத்தாலியில் விவாகரத்துச் சட்டத்தை ஒழிக்கலாமா என்று மே மாதம் பொதுவாக்கெடுப்பு இருந்தது. பாட்டில் திரும்பத் திரும்ப ‘ஆம்’ வருகிறதே என்று அஞ்சி இத்தாலியத் தொலைக்காட்சி அந்தப் போட்டியையே ஒளிபரப்பவில்லை. தங்கள் நாட்டுப் பெண் இரண்டாம் இடம் பெற்ற போட்டியை இத்தாலியர்கள் அன்று பார்க்கவில்லை.

இரண்டு பாடல்களும் விதிக்கு உட்பட்டவைதான். எந்தக் குழுவும் அவற்றைத் தடுத்திருக்காது. கேட்பவர்கள் எந்த நாளில், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பாட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லையே ஐயா.

---

எல்லைக்கல், சூரிச்
2025 டிசம்பர் 6, இரவு 10.32

இந்த இழையில் எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து 1991ல் இங்கே வந்தவன் நான். அதைச் சொல்லாமல் எழுதினால் நேர்மையாக இராது.

ஜமாலாவின் பாடலைப் பற்றிக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். அதன் பல்லவி கிரிமியத் தாத்தார் மொழியில் இருக்கிறது. அவர்களுடைய பழைய நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. என் இளமையை அந்த மண்ணில் வாழ்ந்து தீர்க்கவில்லை என்பது அதன் பொருள். நாற்பது நாடுகளுக்கு மேல் பங்கேற்ற போட்டியில், தனி நாடு இல்லாத ஒரு மக்களின் மொழி கேட்டது. என் அம்மா அன்று எங்களோடு இருந்தார். வரி விளங்காமலே, இந்தப் பிள்ளை ஊரை நினைத்துப் பாடுகிறாள் என்றார். நான் பிறகுதான் இணையத்தில் பொருள் தேடினேன்.

ஆனால் அந்தப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு நடந்ததை மறக்கவில்லை. அரங்கத்துக்குள் கொண்டுவரக் கூடாத கொடிகளின் பட்டியல் ஒன்று வெளியானது. பாஸ்க், கிரிமியா, கொசோவோ, பாலஸ்தீனம் ஆகிய கொடிகள் அதில் இருந்தன. இஸ்லாமிய அரசு என்று சொல்லிக்கொண்ட பயங்கரவாத இயக்கத்தின் கொடியும் அதே பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அது எடுத்துக்காட்டுக்காக எழுதிய வரைவு என்று மன்னிப்புக் கேட்டார்கள். ஒரே காகிதத்தில் அவற்றை அடுத்தடுத்து எழுதிய கை எப்படி நினைத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ‘உறுப்பினர் இல்லாதவை’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டிருக்கிறது. வடதுருவன் சொன்ன கணக்கு இங்கே பொருந்துகிறது. உக்ரைனுக்கு உறுப்பு நிறுவனம் இருந்ததால் தாத்தார் பாட்டி மேடையேறினாள். பாஸ்க் பாட்டிக்கும் குர்தியப் பாட்டிக்கும் பேச யார் இருக்கிறார்கள்?

இந்த ஆண்டு மே மாதம் பாசலில் நடந்தபோது கொஞ்சம் தளர்த்தினார்கள். சுவிஸ் சட்டம் அனுமதிக்கும் எந்தக் கொடியையும் பார்வையாளர் கொண்டுவரலாம், பாடகர்கள் தங்கள் நாட்டுக்கொடியை மட்டுமே பிடிக்க வேண்டும் என்றார்கள். பார்வையாளர் பகுதியில் பாலஸ்தீனக் கொடியும் இருந்தது, இஸ்ரேல் கொடியும் இருந்தது. கூரை இடிந்து விழவில்லை.

---

கணக்கன், கோயம்புத்தூர்
2025 டிசம்பர் 7, காலை 10.05

வாக்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜெனீவாவில் திருத்தியது அதைத்தான் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒவ்வொரு நாடும் இரண்டு தொகுப்புப் புள்ளிகள் தருகிறது. ஒன்று இசைத்துறை நடுவர்களுடையது, மற்றது மக்களுடையது. ஒவ்வொன்றிலும் முதல் பாடலுக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8 முதல் 1 வரை. 1997ல் ஐந்து நாடுகளில் தொலைபேசி வாக்கு தொடங்கியது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் மக்கள் வாக்கே முடிவு செய்தது. உடனே வெளிப்பட்டது குடிபெயர்ந்தவர்களின் வலிமை. ஜெர்மனியில் வாழும் துருக்கியரால் ஜெர்மனியின் 12 புள்ளி அடிக்கடி துருக்கிக்குப் போனது. கிரேக்கமும் சைப்ரஸும் ஒருவருக்கொருவர் 12 கொடுப்பது போட்டியின் சடங்காகவே ஆகிவிட்டது. இதைத் தணிக்கத்தான் 2009ல் நடுவர்களை இறுதிச்சுற்றுக்குத் திரும்பக் கொண்டுவந்து பாதிக்குப் பாதி என்று வைத்தார்கள். துருக்கி அதை எதிர்த்தது. 2012க்குப் பிறகு இன்றுவரை துருக்கி வரவில்லை.

இப்போது இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு நாட்டில் 20,000 பேர் ஆளுக்கு இரண்டு வாக்குப் போடுகிறார்கள். மொத்தம் 40,000. அது 25 பாடல்களுக்குச் சிதறும். மிகப் பிடித்த பாடலுக்கு 5,000 கிடைத்தால் பெரிது. அதே நாட்டில் 500 பேர் மட்டும் ஒரே பாடலுக்கு ஆளுக்கு 20 வாக்கும் போட்டால் 10,000 வாக்கு. 12 புள்ளியும் அவர்களுக்கே. மீதி 20,000 பேருக்கும் அந்தப் பாடல் பிடிக்கவில்லை என்றாலும் அதைப் பதிவு செய்ய வழியில்லை. எதிர்வாக்கு என்று ஒன்று இங்கே கிடையாது. ஆகவே பலருக்குப் பிடித்த பாடலைவிடச் சிலருக்கு உயிரான பாடலுக்கு இந்த முறை சாதகம்.

உண்மையான எண்கள்: 2022ல் உக்ரைனின் கலூஷ் குழுவுக்கு நடுவர்கள் 192, மக்கள் 439. மக்கள் தந்ததில் அதுதான் இன்றுவரை உச்சம். இந்த ஆண்டு இஸ்ரேலுக்கு நடுவர்கள் 60, மக்கள் 297. மக்கள் வாக்கில் முதலிடம், மொத்தத்தில் 357 பெற்று இரண்டாமிடம். வென்ற ஆஸ்திரியாவுக்கு நடுவர்கள் 258, மக்கள் 178. ஸ்பெயினில் தொலைக்காட்சி நிறுவனமே இறுதிச்சுற்றுக்கு முன் பாலஸ்தீனத்துக்கு அமைதியும் நீதியும் வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டியது. அதே ஸ்பெயினின் மக்கள் வாக்கு இஸ்ரேலுக்கு 12 தந்தது.

இது மோசடி என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. 20 வாக்கு வரை போடலாம் என்பது விதி, போட்டார்கள். ஆனால் இஸ்ரேல் அரசின் விளம்பர நிறுவனம் இணையத்தில் பல மொழிகளில் விளம்பரம் கொடுத்து, 20 முறையும் வாக்களியுங்கள் என்று கேட்டது. ஒரு ரசிகர் குழு கேட்பதும் ஓர் அரசு கருவூலப் பணத்தில் கேட்பதும் ஒன்றாகாது. இப்போது 20ஐப் பத்தாகக் குறைத்திருக்கிறார்கள், அரையிறுதிக்கும் நடுவர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் கணக்கில் 500 பேர் போடும் 10,000 வாக்கு 5,000 ஆகும். சமநிலைக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆயிரம் பேரைத் திரட்டினால் பழைய நிலை திரும்பிவிடும். ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால்தான் தீரும். வாக்குக் கட்டணத்தில் வருமானம் இருப்பதால் அதற்கு மனம் வராது என்று நினைக்கிறேன்.

---

பொருநை, திருநெல்வேலி
2025 டிசம்பர் 7, மதியம் 12.40

கணக்கன் தம்பி, தெளிவாக விளக்கினீர்கள். ஒரு சந்தேகம். 2022ல் உக்ரைனுக்கு விழுந்த 439ம் இதே இயந்திரத்தின் வேலைதானே? அன்று அதை ஐரோப்பாவின் பாசம் என்று பாராட்டிவிட்டு இன்று இதைத் திரட்டல் என்பது சரியா?

---

கணக்கன், கோயம்புத்தூர்
2025 டிசம்பர் 7, மதியம் 1.02

சரியில்லை ஐயா. இயந்திரம் ஒன்றுதான். 2022ல் அந்தப் பாசம் நாட்டுக்கு நாடு பரவலாக இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் வாக்கு எண்ணிக்கையை வைத்து அதை நிறுவ முடியாது. எத்தனை பேர் எத்தனை வாக்குப் போட்டார்கள் என்பதை வெளியிட்டால் நிறுவலாம். ஸ்பெயின் கேட்ட வாக்குச் சரிபார்ப்பும் அதற்காகத்தான்.

---

மட்டுறுத்துநர்
2025 டிசம்பர் 7, மாலை 5.30

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒருவர் மீது ஒருவர் எறிய இந்த இழை வேண்டாம். கருத்து எதுவாயினும் எழுதுங்கள், எதிரே இருப்பவரும் ஒரு வாசகர் என்று நினைத்து எழுதுங்கள்.

---

நெய்தல், துபாய்
2025 டிசம்பர் 8, இரவு 8.15

ஐரோப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டீர்கள். ஒன்றியத்தின் எல்லை வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா வரை நீள்கிறது. அங்கே நடந்ததையும் சொல்கிறேன்.

1978ல் பாரிஸில் இஸ்ரேல் முதல் முறையாக வென்றது. ஜோர்டான் தொலைக்காட்சி, இஸ்ரேல் வெல்லப்போகிறது என்று தெரிந்ததும் ஒளிபரப்பை நிறுத்திவிட்டுப் பூக்களின் படத்தைக் காட்டியது. பிறகு இரண்டாமிடம் பெற்ற பெல்ஜியம் வென்றதாக அறிவித்தது. 1980ல் இஸ்ரேல் வராத ஆண்டில் மொரோக்கோ வந்தது. சமீரா பென்சயித் அரபியில் பாடி ஏழே புள்ளி பெற்றார். மொரோக்கோ அதன்பின் வரவே இல்லை. 2005ல் லெபனான் முதல் முறையாக வர இருந்தது. பாடலும் பாடகியும் தயார். இஸ்ரேலின் பாடலை வெட்டாமல் ஒளிபரப்ப உறுதி கேட்டார்கள். லெபனான் சட்டம் அதற்கு இடம் தராததால் விலகியது.

வடதுருவனின் கணக்கு சரியென்றால், அரபு நாடுகள் எல்லாம் சேர்ந்து உள்ளே இருந்திருந்தால் இன்று ஜெனீவாவில் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும். அவர்கள் வெளியே நின்றதால் அவர்களின் எதிர்ப்புக்கு வாக்கும் இல்லை.

இன்னொன்று, அஜர்பைஜான். 2009ல் பகை நாடான ஆர்மேனியாவுக்கு வாக்களித்த அஜர்பைஜானியர் சிலரைத் தேசியப் பாதுகாப்பு அமைச்சகம் அழைத்து விசாரித்தது. ஒரு பாட்டுக்கு வாக்களித்ததற்காக! ஒன்றியம் அதற்குப் பின், வாக்களித்தவர்களின் விவரம் வெளியே போனால் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமே பொறுப்பு என்று விதியைத் திருத்தியது. அஜர்பைஜானை விலக்கவில்லை. 2011ல் அது வென்றது. 2012ல் போட்டியை நடத்தத் தலைநகர் பாக்குவில் கடலோரம் புதிய அரங்கம் எழுந்தது. அந்தப் பகுதியில் வீடுகளை இடித்து மக்களை வெளியேற்றியதை மனித உரிமைக் கண்காணிப்பகம் ஆவணப்படுத்தியது. போட்டிக்கு வந்த பாடகர்களில் ஸ்வீடனின் லொரீன் உள்ளூர் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களைச் சந்தித்தார். அவரே அந்த ஆண்டு வென்றார். ஜெர்மனியின் புள்ளிகளை அறிவிக்க வந்த ஆங்கே எங்கல்கே, வாக்களிக்க முடிவதும் தேர்ந்தெடுக்க வழியிருப்பதும் நல்லது, ஐரோப்பா உங்களைக் கவனிக்கிறது என்று நேரலையிலேயே சொன்னார். அரை நிமிடம் இருக்கும். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வரிக்கு வரி தணிக்கை செய்யும் நிகழ்ச்சியில், புள்ளி அறிவிக்கும் இடைவெளியில், ஒரு பெண் அந்த நாட்டு மக்களைப் பார்த்துப் பேசினார்.

---

வடதுருவன், ஆஸ்லோ
2025 டிசம்பர் 10, இரவு 11.20

இன்று ஐஸ்லாந்தும் விலகிவிட்டது. ஐந்தாயிற்று.

2019ல் டெல் அவிவில் ஐஸ்லாந்தின் ஹட்டாரி குழு புள்ளி அறிவிப்பின்போது பாலஸ்தீனக் கொடி பொறித்த துணிகளைக் கேமராவுக்குக் காட்டியது. ஐஸ்லாந்து நிறுவனத்துக்கு 5,000 யூரோ அபராதம். அன்று அபராதம் கட்டிய நிறுவனம் இன்று தானே வெளியேறுகிறது.

நெய்தல் எழுதியதற்கு ஒரு துணைச்செய்தி. வெளியே நிற்பவர்கள் தங்களுக்கென்று ஒரு மேடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆண்டே சான்று இருக்கிறது. சோவியத் காலத்து ‘இன்டர்விஷன்’ போட்டியைப் புதின் ஓர் ஆணை வழியாக உயிர்ப்பித்தார். செப்டம்பர் 20ஆம் தேதி மாஸ்கோவில் நடந்தது. இந்தியாவும் பங்கேற்றது. வியட்நாம் வென்றது. நாட்டின் மரபைப் பாடிய நல்ல பாடல்கள் சில இருந்தன, குறைசொல்ல மாட்டேன். அங்கே மக்கள் வாக்கே கிடையாது, நடுவர்கள் மட்டும். அங்கேயும் அரசியல் கூடாது என்றுதான் அறிவித்தார்கள். போரை ஆதரித்துப் பாடிப் புகழ்பெற்றவரைத்தான் ரஷ்யா மேடையேற்றியது.

ஆகவே யூரோவிஷனைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதில் ஒரு நிறுவனம் வெளியேறினால் அது செய்தியாகிறது, விவாதமாகிறது, காரணத்தை மக்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது. மாஸ்கோவில் அந்தக் கதவே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். யாரை, எதற்காக விலக்குவோம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். படையெடுப்பு என்றால் படையெடுப்பு, தணிக்கை என்றால் தணிக்கை. எழுதிவைத்துவிட்டால் பொருநை ஐயா சொல்லும் பிள்ளைகளும் கூச்சலுக்கு நடுவே நிற்க வேண்டியிராது. முடிவு அவர்கள் மேடைக்கு வருமுன்பே எடுக்கப்பட்டிருக்கும்.

---

பொருநை, திருநெல்வேலி
2025 டிசம்பர் 11, காலை 7.15

எழுதி வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். எழுதியதை எல்லோருக்கும் ஒன்றுபோலப் படிப்பார்கள் என்றால் மிகவும் மகிழ்ச்சி.

எல்லைக்கல் தம்பி, நீங்கள் எழுதியதற்குப் பிறகு ஜமாலாவின் பாடலைப் பேத்தியிடம் கேட்டு வாங்கிக் கேட்டேன். பல்லவியில் குரல் உடைந்து நீளும் இடத்தில் நம் ஒப்பாரியின் இழுப்பு இருக்கிறது. அதைத் தடைசெய் என்று சொல்ல என்னால் முடியாது.

---

எல்லைக்கல், சூரிச்
2025 டிசம்பர் 12, இரவு 9.50

நன்றி ஐயா. உங்கள் சொல்லை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

சென்ற ஆண்டு வென்ற எங்கள் சுவிஸ் பாடகர் நேமோ கோப்பையைத் திருப்பித் தருவதாக நேற்று அறிவித்தார். இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு நினைவு வந்தது வேறொரு ஆண்டு.

1993ல் நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போஸ்னியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. எங்களிடம் தொலைக்காட்சி இல்லை, அவர்களிடம் இருந்தது. மே 15 இரவு எங்களையும் அழைத்தார்கள். போஸ்னியத் தலைநகர் சரயேவோ முற்றுகையில் இருந்த நேரம். போஸ்னியக் குழு இரவில் குண்டுகளுக்கு நடுவே விமான ஓடுதளத்தை ஓடிக் கடந்து வெளியேறி, அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்கு வந்து பாடியது. பாடல் முடிந்ததும் கீழ்வீட்டு அம்மா கைதட்டவில்லை, எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். புள்ளிகள் சொல்லும் நேரம் வந்தது. சரயேவோவோடு இணைப்புக் கிடைக்குமா என்று எவருக்கும் தெரியாது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. புள்ளியைச் சொல்வதற்கு முன்பே அரங்கம் முழுக்கக் கைதட்டியது. அந்த அம்மா ஓடிவந்து தொலைக்காட்சியைக் கையால் தொட்டார். போஸ்னியாவுக்குக் கிடைத்தது 27 புள்ளி, பதினாறாவது இடம்.

இன்று போஸ்னியா இந்தப் போட்டியில் இல்லை. 2016க்குப் பிறகு வரவில்லை. போர் இல்லை, யாரும் தடுக்கவில்லை, யாரையும் எதிர்த்து விலகவும் இல்லை. அவர்களுடைய ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய பணம் பாக்கி.